அரைப் பவுனுக்குள் ஒரு கேமரா: ஓடித் திரியும் எலியின் மூளையைப் பதிவு செய்யப் புதிதாக வருபவர்களுக்கு

நகைப் பட்டறையில் கேமராவை எடை போட்ட கதையிலிருந்து தொடங்குகிறேன். அப்போது என்னிடம் மில்லிகிராம் காட்டும் தராசு கிடையாது. மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் தெரிந்தவர் ஒருவருக்குச் சின்னப் பட்டறை இருந்தது. கேமரா, அதன் முன்னால் நிற்கும் துண்டுக் கண்ணாடி, பிளாஸ்டிக் பிடிப்பான், ஒரு சாண் ஒயர் எல்லாவற்றையும் தீப்பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தங்கம் நிறுக்கும் தராசில் வைத்துவிட்டு 4 கிராம் 310 மில்லி என்றார். “அரைப் பவுனைத் தாண்டிருச்சே தம்பி, யாருக்கு இது?” சுண்டெலிக்கு என்றேன். “எலிக்கு ஜிமிக்கியா!” என்று சிரித்தவர், எலி எத்தனை கிராம் என்று கேட்டார். 26 என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. “மூணேகால் பவுன் உருப்படிக்கு அரைப் பவுனுக்கு மேல கல்லு வைப்பியா?”

எந்த ஆய்வுக்கூடத்திலும் அதற்கு முன் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. 60 கிலோ ஆள் தலையில் 10 கிலோ அரிசிப் பையைக் கட்டிவிட்டு, “சரி, இயல்பாக நட, உன் மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறேன்” என்பதும் நான் செய்யவிருந்ததும் ஒன்றுதான். அந்தத் தீப்பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து மூன்று மாதம் மேசையிலேயே வேலை பார்த்தேன். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த மேசை வேலைதான். எலி கடைசியில்தான் வரும்.

எதற்கு இந்தப் பாடு?

விலங்கை அசையாமல் பிடித்து வைத்து மூளையைப் பதிவு செய்வது சுலபம். ஆனால் சில விஷயங்கள் அது நடந்தால்தான் தெரியும். 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃபும் ஜொனாதன் டொஸ்ட்ரோவ்ஸ்கியும், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நியூரான்களை, அதாவது மூளைச் செல்களை, ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் கண்டார்கள். 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர், தரை முழுவதும் அறுகோண வரிசையில் புள்ளி வைத்தது போலத் துடிக்கும் செல்களைப் பக்கத்துப் பகுதியில் கண்டார்கள். எலி புள்ளிக்கோலம் போட்டுக்கொண்டே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014 நோபல் பரிசு ஓ'கீஃபுக்கும் இவர்கள் இருவருக்கும் போனது. எலியைக் கட்டி வைத்திருந்தால் இவற்றில் எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

எலி எங்கே நிற்கிறது என்பதைக் கூரையில் மாட்டிய கேமராவே சொல்லிவிடும். எங்கே பார்க்கிறது என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. அதற்குத்தான் தலையிலேயே கேமரா. 2013இல் ஜெர்மனியில் ஒரு குழு எலியின் தலையில் இரண்டு குட்டிக் கேமராக்களை வைத்துக் கண்களைப் படம் பிடித்தது. எலி தலையைச் சாய்க்கும்போது இரண்டு கண்களும் எதிரெதிர்த் திசையில் போயின. நம் கண்களைப் போல ஜோடியாக நகரவில்லை. ஆனால் தலைக்கு மேலே இருக்கும் வானம் மட்டும் எப்போதும் இரண்டு கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருந்தது. பருந்துக்குப் பயந்த பிழைப்பு. 2018இல் லண்டன் குழு ஒன்று, அதில் ஓ'கீஃபும் உண்டு, சுண்டெலியின் தலையில் கேமராவையும் மூளைப் பதிவையும் சேர்த்தே வைத்துக் காட்டியது. கேமராவை இயக்கியது ராஸ்பெர்ரி பை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்து புராஜெக்ட்டுக்கு வாங்குகிற அதே அட்டைக் கணினி. நம்மாலும் முடியும் என்று எனக்குத் தோன்றியது அதைப் படித்தபோதுதான்.

முதலில் எலி இல்லாமல்

கையில் காசு இல்லாவிட்டாலும் இன்றைக்கே தொடங்கலாம். சிஆர்சிஎன்எஸ், டான்டி என்ற இரண்டு தரவுக் கிடங்குகளில் உண்மையான எலிகளிடம் எடுத்த பதிவுகளை இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஒன்றை இறக்கி, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைத் தனியாகவும் மேலே இருப்பதைத் தனியாகவும் பிரித்துப் பாருங்கள். கீழே மெதுவான அலை. எலி நடக்கும்போது ஹிப்போகேம்பஸில் நொடிக்கு ஏறத்தாழ எட்டு தடவை ஏறி இறங்கும், தீட்டா என்பார்கள். மேலே ஊசி ஊசியாக நிற்பவை ஸ்பைக்குகள், நியூரான் ஒரு தடவை துடித்ததன் அடையாளம், ஒவ்வொன்றும் ஒரு மில்லிநொடி அளவு. நல்ல பதிவு எப்படி இருக்கும் என்று கண் பழகாமல் சொந்தப் பதிவு எடுக்க உட்கார்ந்தால், ஃபேன் இரைச்சலை நியூரான் என்று கொண்டாடுவீர்கள். நான் கொண்டாடியிருக்கிறேன்.

அதே சமயத்தில் அனுமதி வேலையையும் தொடங்கிவிடுங்கள், அதற்கு நாளாகும். வீட்டு மாடியில் எலி வளர்த்து இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த 1998 விதிகளும் இருக்கின்றன. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சிசிஎஸ்இஏவில் பதிவு பெற்ற நிறுவனத்துக்குள், அதன் விலங்கு நெறிக் குழு ஒப்புக்கொண்ட பிறகுதான் முதல் எலி. பழைய ஆட்கள் இன்னும் சிபிசிஎஸ்இஏ என்றுதான் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. அனுமதி கேட்கும் படிவம் பி நிரப்பும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: நெறிக் குழுவில் கால்நடை மருத்துவரும் இருப்பார், அறிவியல் சாராத ஒருவரும் இருப்பார். அந்த இரண்டாமவருக்குப் புரிகிற மாதிரி எழுதினால் மற்ற எல்லோருக்கும் புரியும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து, கடைசியில் அவற்றுக்கு என்ன ஆகும், இந்த நான்கையும் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

எந்த விலங்கு, எந்தக் கம்பி

புதியவர் என்றால் எலி, அதாவது வெள்ளைப் பெருச்சாளி மாதிரி இருக்கும் 300 கிராம் ஆய்வுக்கூட எலி. சுண்டெலியில் மரபணுக் கருவிகள் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் தலை நெல்லிக்காய் அளவு, பாரம் தாங்காது. எலி 15, 20 கிராம் தொப்பியோடு, தலையில் ஏற்றும் மொத்தக் கருவியையும் அப்படித்தான் சொல்வோம், சாதாரணமாகச் சுற்றி வரும்.

இடையில் ஒரு பேச்சு. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வௌவாலில் செய்யலாமா என்று கேட்பார்கள், கேட்பதில் நியாயம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் சமணர் மலைக் குகை வௌவால்களை வைத்துத்தான் உடற்கடிகாரத்தைப் பற்றி உலகம் படிக்கும்படி எழுதினார்கள். வெளிச்சமே எட்டாத குகையில் கூண்டில் தனியாக அடைத்த வௌவால்கூட, மற்றவை பறந்து போய் வரும் நேரத்தை வைத்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது என்று காட்டியது அந்தக் குகையில்தான். வௌவாலின் மூளைப் பதிவும் நடந்திருக்கிறது. இஸ்ரேலில் நாஹும் உலனோவ்ஸ்கி குழு, பழந்தின்னி வௌவாலின் தலையில் ஒயர் இல்லாத பதிவுக் கருவியை வைத்து, முப்பரிமாணத்தில் இடம் காட்டும் செல்களை 2013இல் வெளியிட்டது. 2021இல் 200 மீட்டர் நீளச் சுரங்கத்தில் பறக்கவிட்டே பதிவு செய்தது. ஆனால் காட்டு விலங்கைப் பிடிக்கத் தனி அனுமதி, பறக்கும் விலங்குக்குத் தனிக் கருவி. முதல் வேலையாக இதில் இறங்காதீர்கள். கீழக்குயில்குடிக்கு ஒரு சாயங்காலம் போய் அவை வெளியே வருவதைப் பார்த்துவிட்டு வாருங்கள், போதும்.

மூளைக்குள் இறக்கி நியூரான்களின் துடிப்பைப் பிடிக்கும் கம்பிக்கு வருவோம். தலைமுடியைவிட நாலைந்து மடங்கு மெல்லிய நான்கு கம்பிகளை ஒன்றாக முறுக்கினால் டெட்ரோடு. ஏன் நான்கு? மீனாட்சியம்மன் கோயிலின் நாலு கோபுர வாசலிலும் ஒவ்வொரு ஆளை நிறுத்துங்கள்; ஊருக்குள் எங்கோ வேட்டுப் போடுகிறார்கள்; நான்கு பேருக்கும் சத்தம் வெவ்வேறு அளவில் கேட்கும், அந்த அளவுகளை ஒப்பிட்டால் எந்தப் பக்கத்து வேட்டு என்று சொல்லிவிடலாம். அதே மாதிரி, ஒரே ஸ்பைக் நான்கு கம்பியிலும் வெவ்வேறு உயரத்தில் விழும், அதை வைத்து இந்த நியூரான் வேறு அந்த நியூரான் வேறு என்று பிரிக்கிறோம். காசுள்ள கூடங்களில் 2017இல் வந்த நியூரோபிக்சல்ஸ் சிலிக்கான் ஊசி இருக்கும், 960 இடங்களில் தொட்டு ஒரே நேரத்தில் 384இலிருந்து பதிவு செய்வது. அது கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், தலையிலேயே நின்று சிக்னலைப் பெருக்கும், ஒரு கிராம் அளவுள்ள 32 சேனல் ஹெட்ஸ்டேஜ், ஓப்பன் ஈஃபிஸ் பதிவுப் பெட்டி, கையால் முறுக்கிய எட்டு டெட்ரோடு. நான் பழகியது இரண்டாவதில்தான், புதியவருக்கு அதுதான் நல்லது என்றும் நினைக்கிறேன், ஏனென்றால் எங்கே கெட்டுப்போனாலும் கண்ணால் பார்க்கலாம். மினிஸ்கோப் என்று தலையில் வைக்கும் குட்டி நுண்ணோக்கி ஒன்றும் உண்டு. அது நியூரானின் மின்சாரத்தை நேராகப் பார்ப்பதில்லை, கால்சியம் ஏறுவதை ஒளியாகப் பார்க்கிறது, அதனால் வேகம் குறைவு. இங்கே அதைத் தொடவில்லை.

எடை

சுண்டெலி என்றால் உடல் எடையில் பத்தில் ஒன்றைத் தாண்டாதீர்கள், அதற்கும் குறைத்தால் இன்னும் நல்லது. முப்பது கிராம் சுண்டெலிக்கு மூன்று கிராம் வரை. பட்டறைக் கணக்கில் காலே அரைக்கால் பவுன்.

கிராமை மட்டும் பார்த்தால் போதாது, உயரத்தையும் பாருங்கள். பூக்கூடை சுமக்கிறவர்கள் சும்மாட்டை எவ்வளவு தட்டையாகச் சுருட்டி வைக்கிறார்கள் என்று மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடிகாலையில் பார்க்கலாம். பாரம் மண்டையை ஒட்டி இருந்தால் கழுத்து தாங்கும். இரண்டு விரல் உயர்ந்து நின்றால் அதே பாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைப் பிடித்து இழுக்கும். கேமராவை முன்னால் நீட்டி வைக்க வேண்டியிருப்பதால் ஹெட்ஸ்டேஜைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஈடுகட்டுங்கள். பசையையும் பல் சிமென்ட்டையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவோம், கடைசியில் பார்த்தால் தொப்பியில் பாதி சிமென்ட்டாக இருக்கும். கேபிள் எடையை மேலே கப்பியில் எதிர்ப்பாரம் கட்டித் தாங்கிக்கொள்ளலாம்.

கேமரா

ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள் பயன்படுத்தும் எஃப்பிவி கேமராவில் மிகச் சின்னதை வாங்குங்கள். வாங்கும்போது பால் (PAL) வேண்டுமா, என்டிஎஸ்சி (NTSC) வேண்டுமா என்று கேட்பார்கள், இரண்டும் டிவி வீடியோ முறைகள், நம் நாட்டுக்குப் பால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். பால் 25 ஃபிரேம் என்பதால் அது இதற்குள் சரியாக வகுபடும், 30 ஃபிரேம் ஓட்டினால் படம் முழுக்க வரி ஓடும். ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிகளாகப் பின்னப்பட்டு வரும். பிரித்தால் நொடிக்கு 50 படம், அதாவது 20 மில்லிநொடிக்கு ஒன்று.

கண்ணைப் பார்க்கும் கேமராவுக்கு அகச்சிவப்பு வெளிச்சம் வேண்டும், எலிக்கு அது தெரியாது. லென்சுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு சின்னக் கண்ணாடித் தகடு இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். எடுத்தாயிற்றா என்று பார்க்க டிவி ரிமோட்டைக் கேமரா முன் அழுத்துங்கள், முனை பளிச்சென்று எரிந்தால் எடுத்தாயிற்று. கேமராவைக் கண்ணுக்கு நேராக வைத்தால் எலிக்குப் பார்வை மறைந்துவிடும், ஆகவே பக்கத்தில் நிறுத்தி, அகச்சிவப்பை மட்டும் திருப்பி மற்ற வெளிச்சத்தை விட்டுவிடும் கண்ணாடித் துண்டைக் கண் முன்னால் சாய்த்து வைப்பார்கள். லென்ஸ் திருகு மாதிரி சுழலும். ஃபோகஸ் கிடைத்ததும் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எலி இரண்டு தடவை தலையைச் சிலுப்பியதும் படம் கலங்கிவிடும். எல்இடி, ரெசிஸ்டர், மெல்லிய ஒயர் எல்லாம் டவுன்ஹால் ரோட்டுப் பக்கமே கிடைக்கும். எல்இடியை வேகமாக அணைத்து எரித்து மங்கலாக்கும் சர்க்யூட் மட்டும் வேண்டாம், அந்த மினுக்கல் நேராக மூளைப் பதிவுக்குள் வந்து உட்காரும். ரெசிஸ்டரை மாற்றி மங்கலாக்குங்கள்.

எர்த்

மருந்துக் கடையில் சலைன் பாட்டில் ஒன்று வாங்கி, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மின்முனைகளையும் எர்த் கம்பியையும் அதற்குள் விட்டுப் பதிவை ஓட்டுங்கள். கிண்ணத்தில் நியூரான் கிடையாது. எனவே திரையில் தெரிவது எல்லாமே குப்பை. ஸ்பைக் என்பது நூறு மைக்ரோவோல்ட் பக்கம்தான், குப்பை அதில் பத்தில் ஒன்றுக்கு இறங்கும்வரை எலியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒவ்வொன்றாக அணையுங்கள்: டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், செல்போன் சார்ஜர், யுபிஎஸ். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் காணாமல் போனால், எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் வரிசையில், ஒரே புள்ளி எர்த்தில் சேருங்கள். அப்புறம் கேமராவைப் போட்டும் நிறுத்தியும் பாருங்கள். கேமராவுக்குத் தனி பேட்டரி கொடுப்பது நல்லது.

இதில் ஒரு சித்திரை மாசம் பட்ட பாடு. பங்குனி வரைக்கும் சுத்தமாக இருந்த பதிவில் மெதுவாக இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. ஹெட்ஸ்டேஜை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், கூண்டைச் சுற்றி அலுமினியத் தாள் ஒட்டினோம், குறையவில்லை. கடைசியில் கட்டடத்து எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து, ஒயர் எதையும் தொடாமல், நேராகக் கட்டடத்துக்குப் பின்னால் போய் எர்த் குழியின் மூடியைத் திறந்தார். கரியும் உப்பும் காய்ந்து பொரிந்து கிடந்தன. “வெயில் காலத்துல இதுக்குத் தண்ணி ஊத்தணும்னு யாருக்கும் தெரியாதா?” என்று இரண்டு வாளி ஊற்றினார். திரையில் கோடு படிந்தது. அதிலிருந்து மாசியிலேயே குழிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்துவிடுவோம்.

கடிகாரம்

புதியவர்கள் அலட்சியம் செய்வது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மூளைப் பதிவுப் பெட்டிக்கு ஒரு கடிகாரம், கேமராவைப் பதிவு செய்யும் கணினிக்கு இன்னொரு கடிகாரம். இரண்டும் ஒரே நொடியில் தொடங்கினாலும் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், மலிவான மின்னணுக் கடிகாரங்களில் அது சாதாரணம், ஒரு மணி நேரம் முடியும்போது 180 மில்லிநொடி பிசகியிருக்கும். தீட்டா அலை ஒரு சுற்று 125 மில்லிநொடி. அதாவது கண் திரும்பிய நேரத்துக்கு நேராக நீங்கள் வைத்துப் பார்க்கும் ஸ்பைக், ஒரு முழு அலைக்கு மேல் தள்ளி நடந்ததாக இருக்கும். போதாததற்கு கேமரா இடையிடையே ஃபிரேமை விழுங்கும், சொல்லவும் சொல்லாது.

வழி சுலபம். ஆர்டுயினோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டு அட்டை ஒன்றிலிருந்து மின்துடிப்பு அனுப்புங்கள். ஒரு ஒயர் பதிவுப் பெட்டியின் டிஜிட்டல் வாசலுக்கு, இன்னொன்று கேமராப் படத்தின் ஓரத்தில் தெரியும் ஒரு குட்டி எல்இடிக்கு. துடிப்புகளின் இடைவெளி ஒரே சீராக இருக்கக் கூடாது. நொடிக்கொரு தடவை என்று வைத்தால் ஒன்று தவறினாலும் எது எதற்கு ஜோடி என்று தெரியாது. அரை நொடி, இரண்டே கால் நொடி, ஒன்று என்று தாறுமாறாக இருந்தால், இரண்டு பட்டியலையும் நகர்த்திப் பார்த்ததுமே பூட்டுக்குச் சாவி போலப் பொருந்தும். பதிவு முழுக்க ஓட விடுங்கள், தொடக்கத்தில் மட்டும் போதாது. நான் தொடக்கத்தில் ஒரு தடவை கை தட்டிவிட்டு, சினிமாக்காரர்கள் கிளாப் அடிப்பது மாதிரி, ஆறு நாள் பதிவு எடுத்தேன். ஆறு நாளும் குப்பைக்குப் போனது. எலி பட்ட சிரமம் வீண் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

எலி

அறுவை சிகிச்சையை எழுத்தில் சொல்லிக்கொடுக்க மாட்டேன். தெரிந்தவர் பக்கத்தில் நின்று, கால்நடை மருத்துவர் மேற்பார்வையில், ஏற்கெனவே இறந்த எலிகளில் பல முறை செய்து பழகிய பிறகு செய்ய வேண்டியது அது. மயக்கம், உடல் சூடு, வலி மருந்து, மறுநாள் எடை, இந்த நான்கும் டெட்ரோடைவிட முக்கியம்.

அதற்கு முந்தைய ஒரு வாரம் உங்கள் கைக்கு எலி பழக வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள். அந்த வாரத்திலேயே வெறும் தலையோடு பத்து நிமிடம் அரங்கில் ஓடவிட்டு மேலிருந்து செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அறுவை முடிந்து தேறிய பிறகு, முதலில் பிளாஸ்டிக்கில் செய்த போலிப் பாரம், பாதி எடையில் தொடங்கி மெதுவாக முழு எடை. ஒவ்வொரு கட்டத்திலும் அதே பத்து நிமிடம். டீப்லேப்கட் போன்ற இலவச மென்பொருள், 2018இல் வந்தது, மூக்கு, காது, வால் அடி எங்கே என்று ஃபிரேம் ஃபிரேமாகக் குறித்துத் தரும். ஓடிய தூரமும் தலை திரும்பும் வேகமும் பழைய அளவுக்கு வரும்வரை உண்மையான கேமராவை மாட்டாதீர்கள். வரவே இல்லை என்றால் தொப்பியை இளைக்க வையுங்கள். அறை வெப்பமும் கவனம்: விலங்கு அறைக்கு 18 முதல் 29 டிகிரி என்று வழிகாட்டு நெறி சொல்கிறது, நம் ஊரில் மே மாசம் ஏசி நின்ற அரை மணியில் அதைத் தாண்டிவிடும். கரண்ட் போனால் யார் வந்து பார்ப்பது என்று பெயர் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

பதிவு நாளன்று முதலில் எலியை நிறுங்கள். எடை இறங்கியிருந்தால் அன்றைக்கு விடுமுறை. சரியாக இருந்தால் மாட்டி, ஐந்து நிமிடம் சும்மா விட்டு, இருபது நிமிடம் பதிவு, போதும். எலி எதையாவது கொறிக்கும்போதும் முகம் கழுவும்போதும் தாடைத் தசையின் மின்சாரம் எல்லாச் சேனலிலும் ஒன்றாகப் பாயும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு வெட்டிவிடலாம். தொப்பியைக் காலால் பிறாண்டிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

தரவு எவ்வளவு வரும் என்று கணக்கு: 32 சேனல், நொடிக்கு 30,000 அளவீடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், மணிக்கு ஏறத்தாழ 7 ஜிபி, வீடியோ தனி. ஸ்பைக் பிரிக்க கிலோசார்ட், கண்ணால் சரிபார்க்க ஃபை, இரண்டும் இலவசம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அன்றைய பதிவை அன்றைக்கே இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து, துடிப்புப் பட்டியல்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு, லென்ஸில் ஒட்டிய உமித் தூசியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் பரோட்டாக் கடைக்குக் கிளம்ப வேண்டும். அந்தத் தீப்பெட்டியை இன்னும் அதற்குத்தான் வைத்திருக்கிறேன், கேமராவைத் தூசி படாமல் போட்டு வைக்க. இப்போது உள்ளே இருப்பது 2 கிராம் 640 மில்லி.